கூட்டுச்சுரத்தின் மூலங்கண்ட ராமோ

பலவாய்த் தோன்றும் பொருள்களினூடே ஒன்றாய் நிற்கும் நியதியைக் கண்டு உரைத்தலே அறிஞர் தொழில். வானத்துக் கோள்களின் ஓட்டத்தையும் மண்ணில் விழும் கல்லின் ஓட்டத்தையும் ஒரே விதியுள் அடக்கிக் காட்டினார் நியூட்டன். அவர் முதுமையெய்தி வாழ்ந்திருந்த நாளில், பிரான்ஸு தேசத்தின் மலைப்பாங்கான ஊரொன்றில் ஆலயத்து ஆர்கன் வாசித்து வந்த ஒருவர், இசையுலகில் அதனையொத்த செயலொன்றைச் செய்ய முற்பட்டார். அவரே ழான் பிலிப் ராமோ என்பவர். மேனாட்டு இசையில் கூட்டுச்சுரங்களின் இலக்கணத்தைக் கற்பவர் எவரும், அறிந்தோ அறியாமலோ, இப்பெரியார் வகுத்த வழியிலேயே நடக்கின்றனர். ஆலயங்களிலும் கல்லூரி மண்டபங்களிலும் நால்வகைக் குரலினர் ஒருங்கு பாடக் கேட்டு மகிழும் நாம், அவ்வின்பத்தின் காரணத்தை ஆராய்ந்தவரது வாழ்க்கையை அறிதல் தகுதியேயாம். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறப்புகுந்தோம்.

கூட்டுச்சுரமாவது யாது

நம் நாட்டு இசையில் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நூலிற் கோத்த மணிகளைப்போல் வருகின்றன. மேனாட்டு இசையிலோ அவ்வரிசையோடு, ஒரே காலத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முறையும் உண்டு. அங்ஙனம் சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதியையே கூட்டுச்சுரம் என்கிறோம். ‘கார்டு’ என்று வழங்குவது இதனையே.

எல்லாச் சுரங்களும் எல்லாவற்றோடும் கூடா. சட்சமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒலிப்பித்தால் செவிக்கு நிறைவும் அமைதியும் உண்டாகின்றன. ஆர்மோனியப் பெட்டியில் கருப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை இரண்டையும் விடாது எண்ணினால், சட்சமத்திலிருந்து நான்காங் கட்டை அந்தர காந்தாரம். அதிலிருந்து மூன்றாங் கட்டை பஞ்சமம். இக்கூட்டினை மேனாட்டார் ‘மேஜர்’ என்பர். அந்தர காந்தாரத்தை விட்டுச் சாதாரண காந்தாரத்தைக் கொண்டால் முதலில் மூன்று கட்டை, பின்னர் நான்கு கட்டை என்று அளவு மாறும். இதற்கு ‘மைனர்’ என்று பெயர். முன்னது தெளிவும் மகிழ்ச்சியும் உடையதாகவும், பின்னது நிழலும் துயரும் படிந்ததாகவும் பெரும்பாலார்க்குத் தோன்றும். நடுச்சுரம் ஒரே ஒரு கட்டை இறங்கியதால் விளையும் வேறுபாடு இத்துணைப் பெரிது.

இவ்வளவும் இன்று தொடக்க மாணவனும் அறிவான். ஆயின் ராமோ பிறந்த நாளில் இது இவ்வளவு எளிதாக விளங்கவில்லை.

பிறப்பும் இளமையும்

ராமோ பிரான்ஸு தேசத்துத் திஜோன் நகரில் 1683-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 25-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். பெற்றோர்க்குப் பிறந்த பதினொரு மக்களுள் அவர் ஏழாமவர். தந்தையார் அந்நகர ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர். மக்களுக்கு எழுத்து வருமுன்னரே சுரத்தைப் பழக்கியவர். எனினும் மகனை வழக்கறிஞனாக்க வேண்டும் என்பது குடும்பத்தாரின் எண்ணம். அதன் பொருட்டு இயேசு சபையாரின் கல்லூரிக்கு அனுப்பினர். அங்கே அவர் பாட வேளையிற் பாட்டுப் பாடியும் ஏட்டில் சுரக்குறிகள் எழுதியும் காலங்கழித்தார் என்பர். கல்வி முற்றுப்பெறவில்லை.

பதினெட்டாம் வயதில் இத்தாலி தேசஞ் சென்றார். மிலான் நகருக்கு அப்பால் போகாமலே மீண்டார். பின்னர் ஆலயந்தோறும் ஆர்கன் வாசிக்கும் ஊழியத்தில் அவர் வாழ்க்கை உருண்டது. அவிஞோன், கிளெர்மோன், பாரிஸ், மறுபடி திஜோன், பின்னர் லியோன் என ஊர் ஊராய் மாறினார். 1706-ஆம் ஆண்டு பாரிஸில் ஹார்ப்ஸிகார்டுக்குரிய இசைநூல் ஒன்றை அச்சிட்டார், புகழ் வரவில்லை. 1715-இல் மீண்டும் கிளெர்மோன் பேராலயத்தில் நெடுங்கால ஒப்பந்தத்தின்பேரில் அமர்ந்தார். தமது முற்பாதி வாழ்க்கையைப்பற்றி அவர் பிற்காலத்தில் நண்பரிடமோ மனைவியிடமோ கூட வாய்திறந்ததில்லை எனத் தெரிகிறது. வெளியுலகம் அறியாத அந்த ஆண்டுகளில் அவர் உள்ளம் ஒரே கேள்வியைப்பற்றிச் சுழன்று கொண்டிருந்தது.

அக்காலத்துப் பயிற்சிமுறை

அக்கேள்வி யாதென உணரவேண்டுமாயின், அந்நாளில் இசைக்கருவி பயின்றோர் பட்ட பாட்டைச் சிறிது நோக்குதல் வேண்டும். பாட்டுக்குத் துணையாக வாசிப்பவர் முன் முழு இசையும் எழுதி வைக்கப்படுவதில்லை. தாழ்ந்த குரலுக்குரிய ஒரு வரிசை மாத்திரம் எழுதப்பட்டிருக்கும். அதன் மேலோ கீழோ 6, 7 என்பனபோன்ற எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். எழுதிய அடிச்சுரத்திலிருந்து எண்ணி, அவ்வெண்ணுக்குரிய சுரங்களை வாசிப்பவர் தாமே சேர்த்து ஒலிப்பித்தல் வேண்டும்.

ஒவ்வோர் எண்குறியும் ஒவ்வொரு தனிக் கூட்டாகக் கற்பிக்கப்பட்டது. இன்ன கூட்டின்பின் இன்ன கூட்டு வரலாம், இன்னது வரலாகாது என்று விதிகள் பெருகின. விதிகளுக்கு விலக்குகள் அவற்றினும் பெருகின. மாணவன் அவையனைத்தையும் நெட்டுருச் செய்தான். ஏன் என்று கேட்பின், முன்னோர் வழக்கம் என்பதே பெரும்பாலும் விடையாயிற்று. வேர்ச்சொல்லும் விகுதியும் அறியாது, வந்தான், வருகிறான், வருவான் என்பவற்றை ஒன்றோடொன்று தொடர்பற்ற தனித்தனிச் சொற்களென ஒருவன் மனப்பாடம் பண்ணுவானாயின் அவன் நிலை எவ்வாறிருக்குமோ, அவ்வாறே இருந்தது அம்மாணவன் நிலை.

1722-ஆம் ஆண்டு நூல்

கிளெர்மோனில் எழுதி முடித்த நூலை ராமோ 1722-ஆம் ஆண்டு பாரிஸில் வெளியிட்டார். ஒத்திசையை அதன் இயற்கைத் தத்துவங்களுக்கு ஒடுக்கிக் காட்டும் நூல் என்பது அதன் பெயரின் பொருள். அந்நூலின் உயிர்நிலையான கருத்தைச் சிறிது விரித்துரைப்போம்.

ச, க, ப என்னும் கூட்டில் சட்சமத்தைக் கீழே வையாது மேல் ஸ்தாயிக்கு ஏற்றினால் க, ப, ச என்று நிற்கும். காந்தாரத்தையும் அவ்வாறே ஏற்றினால் ப, ச, க என்று நிற்கும். பழைய முறையின்படி இவை மூன்றும் வெவ்வேறு கூட்டுகள். இரண்டாவதற்கு 6 என்றும், மூன்றாவதற்கு 6, 4 என்றும் குறிகள் தனித்தனியே உண்டு. விதிகளும் தனித்தனியே உண்டு. ராமோவோ, இவை ஒரே கூட்டின் மூன்று நிலைகளேயன்றி மூன்று பொருள்கள் அல்ல என்று நிறுவினார். கீழே ஒலிப்பது எதுவாயினும் இம்மூன்றனுக்கும் மூலம் சட்சமமே. வீட்டுத் தலைவன் திண்ணையில் இருந்தாலும் மாடியில் இருந்தாலும் வீடு அவனுடையதே அன்றோ? செவியிற் படும் தாழ்ந்த சுரம் வேறு, கூட்டினைத் தாங்கும் மூலச்சுரம் வேறு என்னும் இப்பாகுபாடே அவர் கண்ட பெருங்காட்சி.

ஜெர்மனி தேசத்து லிப்பியஸ் என்பார் 1612-ஆம் ஆண்டிலேயே இதன் ஒரு பகுதியைக் கூறியிருந்தார். எனினும் இதனை அடிப்படையாகக் கொண்டு இசை முழுவதற்கும் ஓர் இலக்கணத்தைக் கட்டியவர் ராமோவே.

அவர் அவ்வளவில் நிற்கவில்லை. மூவகைச் சுரத்தின்மேல் நான்காவதொன்றை அடுக்கினால் வருவதையும் ஆராய்ந்தார். பஞ்சமத்தை மூலமாக வைத்து அதன்மேல் காகலி நிஷாதம், சதுச்ருதி ரிஷபம், சுத்த மத்தியமம் ஆகியவற்றை அடுக்கினால், ப, நி, ரி, ம என்னும் கூட்டு உண்டாகும். இது செவிக்கு ஓய்வு தருவதன்று. கேள்வி கேட்டு விடைக்குக் காத்திருப்பவன்போல நிற்பது. இதிலுள்ள நிஷாதம் மேலேறிச் சட்சமத்தை அடையத் துடிக்கிறது. மத்தியமம் கீழிறங்கிக் காந்தாரத்தை நாடுகிறது. அவ்விரண்டும் தத்தம் இடஞ்சேர்ந்தவுடன் ச, க, ப என்னும் கூட்டுப் பிறந்து அமைதி உண்டாகிறது. இந்நான்கு சுரக் கூட்டும் நான்கு நிலைகளில் மாறி நின்று நான்கு எண்குறிகளைப் பெற்றிருந்தது. நான்கனுக்கும் மூலம் பஞ்சமம் ஒன்றே என்று காட்டினார்.

கூட்டுச்சுரங்களின் மூலங்களை மாத்திரம் பொறுக்கி ஒரு வரிசையாக எழுதிப்பார்த்தால், மேலே எத்துணைச் சிக்கலாகத் தோன்றும் இசையும் அடியில் எளிய நடையினதாய் இருத்தலை அவர் கண்டார். மூலச்சுரம் பெரும்பாலும் பஞ்சமத்திலிருந்து சட்சமத்துக்குச் செல்லும் அளவிலேயே அடியெடுத்து வைக்கிறது. நெட்டுருச் செய்யப்பட்ட விதிகளிற் பல இவ்வொன்றினுள் அடங்கின.

புகழ் தந்த இந்நூலோடு ராமோ பாரிஸ் நகரிற் குடியேறினார். பேராலயத்தார் ஒப்பந்தத்தினின்றும் அவரை விடுவிக்க மறுத்தனர் என்றும், அவர் ஆர்கனில் வேண்டுமென்றே பொருந்தாச் சுரங்களை எழுப்பிச் செவிகளைத் துன்புறுத்தவே விடை கொடுத்தனுப்பினர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யாயினும் பொய்யாயினும், நன்றாய் இசைக்கத் தெரிந்தவனே அத்துணை நன்றாய்க் கெடுக்கவும் வல்லவன் என்பது மட்டும் மெய்.

இயற்கையின் சான்று

முதல் நூலில் ராமோ தந்திக் கணக்கைச் சான்றாகக் கொண்டார். ஒரு தந்தியின் பாதியை ஒலிப்பித்தால் மேல் ஸ்தாயிச் சட்சமமும், மூன்றிலொரு பங்கை ஒலிப்பித்தால் அந்த ஸ்தாயிப் பஞ்சமமும், நான்கிலொரு பங்கில் அதற்கும் மேற்பட்ட சட்சமமும், ஐந்திலொரு பங்கில் அந்தர காந்தாரமும் பிறக்கும். இத்தாலியராகிய ஸார்லினோ முதலிய முன்னோர் இக்கணக்கை அறிவர். ஆயின் கணக்கு ஏட்டில் இருப்பது. அஃது இயற்கையிலும் உண்டோ என்னும் ஐயம் எழுமன்றோ?

அந்நூல் வெளிவந்த பின்னரே ஸோவேர் என்னும் கணித வல்லுநர் 1701-ஆம் ஆண்டு விஞ்ஞானக் கழகத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி அவர் கருத்தைக் கவர்ந்தது. அதிரும் தந்தி முழுமையாக மாத்திரம் அதிர்வதன்று. பாதிபாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு, ஐந்து பங்காகவும் ஒரே காலத்தில் அதிர்கிறது. ஆதலின் ஒரு சுரத்தினுள்ளேயே அதன் பஞ்சமமும் காந்தாரமும் மெல்லென ஒலிக்கின்றன. செம்மையாகச் சுருதி சேர்த்த தம்பூராவை மீட்டி அமைதியாய்க் கேட்போர், எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழுதலை உணர்வர். நம்மவர் அதனைச் சுயம்பு சுரம் என்பதும் அதுபற்றியே. இயற்கை தானே ஒவ்வொரு சுரத்திலும் ச, க, ப என்னும் கூட்டை வைத்திருக்கிறது என்று கண்ட ராமோவின் களிப்புக்கு எல்லையில்லை.

1726-ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டாம் நூலிலும் 1737-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலும் இக்கருத்தை வளர்த்தார். சட்சமத்தை நடுவணதாகக் கொண்டு, அதற்கு மேலே பஞ்சமத்தையும் கீழே மத்தியமத்தையும் மூலமாக வைத்து மூன்று கூட்டுகளை அமைத்தார். ச, க, ப. ம, த, ச. ப, நி, ரி என்னும் இவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பின், சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் ஒன்றும் குறையாது அடங்கியிருத்தல் காணலாம். எளிய கீதங்கள் பலவற்றுக்கு இம்மூன்று கூட்டுகளே போதுமானவை என்பதை ஆர்கன் பயிலும் மாணவர் எளிதில் சோதித்தறியலாம்.

ஐம்பதாம் வயதில் அரங்கேற்றம்

பாரிஸ் நகரத்தார் அவரை இலக்கணப் புலவர் என்று மதித்தனரேயன்றி இசைப் புலவர் என்று மதிக்கவில்லை. 1726-ஆம் ஆண்டு தமது நாற்பத்திரண்டாம் வயதில் பத்தொன்பது வயதினரான மரீ லூயிஸ் மாங்கோ என்னும் பாடகியை மணந்தார். அடுத்த ஆண்டு தூய பவுல் ஆலயத்து ஆர்கன் பதவிக்குப் போட்டியிட்டுத் தாகேன் என்பவரிடம் தோற்றார். கணக்குப் போடுபவனுக்குக் கவி பாட வருமோ என்னும் ஏளனம் அவரைச் சூழ்ந்திருந்தது.

அவ்வேளனத்துக்கு அவர் ஐம்பதாம் வயதில் விடையளித்தார். 1733-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ‘இப்போலித்தும் அரீசியும்’ என்னும் இசைநாடகம் அரங்கேறியது. நகரம் இரண்டுபட்டது. முன்னோராகிய லுல்லியின் இசையில் ஊறியவர்கள், கூட்டுச்சுரங்கள் மலிந்து செவி திணறுகிறது என்று முறையிட்டனர். புதுமையை விரும்பினோர் ராமோவின் கட்சியாயினர். அந்நாடகத்தில் ஊழ்த் தெய்வங்கள் மூவர் ஒருங்கு பாடும் பகுதியொன்றில், எவரும் எதிர்பாராத மூலங்களுக்குக் கூட்டுச்சுரங்கள் தாவுமாறு அமைத்திருந்தார். பாடுவோர்க்கு அஃது இயலாமையால் மேடையில் அதனை விட்டுவிட நேர்ந்தது. தமது இலக்கணம் காட்டிய வழியிலே அவரது கற்பனை பிறரால் தொடரவொண்ணாத தூரம் சென்றிருந்தது.

1735, 1737, 1739-ஆம் ஆண்டுகளில் மேலும் நாடகங்கள் அரங்கேறின. அவற்றுள் ‘காஸ்தரும் பொல்லூக்ஸும்’ சிறந்ததென்று பலர் கருதுவர். 1745-ஆம் ஆண்டு அரசரது இசையமைப்பாளர் பட்டமும் உபகாரச் சம்பளமும் கிடைத்தன. விஞ்ஞானக் கழகத்தார் 1749-இல் அவரது ஆராய்ச்சியைக் கேட்டு மெச்சினர். கணித மேதையாகிய தாலம்பேர் 1752-ஆம் ஆண்டு ராமோவின் கொள்கைகளைத் தெளிந்த நடையில் சுருக்கி ஒரு நூல் இயற்றினார்.

ரூஸோவுடன் நேர்ந்த வழக்கு

புகழின் உச்சியிலேதான் அவருக்குப் பெரும்பகை வாய்த்தது. அரசியல் நூல்களால் உலகறிந்த ரூஸோ இசையிலும் பயிற்சியுடையவர். கலைக்களஞ்சியத்தில் இசைபற்றிய கட்டுரைகளை எழுதியவர். 1752-ஆம் ஆண்டு இத்தாலியர் குழு ஒன்று பாரிஸில் நகைச்சுவை இசைநாடகங்களை நடத்தியபோது, பிரெஞ்சு இசை சிறந்ததோ, இத்தாலிய இசை சிறந்ததோ என்னும் பூசல் மூண்டது. உள்ளத்தை உருக்குவது மனிதக் குரலின் தனியிசையே, கூட்டுச்சுரம் அதற்கு வெறும் அணி, மிகுந்தால் சுமை என்பது ரூஸோவின் கட்சி. தனியிசையும் கூட்டுச்சுரத்திலிருந்தே பிறக்கிறது, ஒருவன் தனித்துப் பாடும்போதும் அவன் செவி அறியாமலே மூலச்சுரத்தைப் பற்றிச் செல்கிறது என்பது ராமோவின் கட்சி. 1754, 1755-ஆம் ஆண்டுகளில் நூல்கள் எழுதி அவர் எதிர்த்துப் போராடினார்.

இவ்வழக்கில் நமது தீர்ப்பு யாது? கூட்டுச்சுரத்தைப் பயிலாமலே ஆழ்ந்த இசைமரபுகளை வளர்த்த மக்கள் பலர். நம் நாட்டு இசையே அதற்குச் சிறந்த சான்று. ஆதலின் எல்லா இசைக்கும் கூட்டுச்சுரமே தாய் என்னும் ராமோவின் வாதம் அளவு கடந்ததே. அதுபோலவே, கூட்டுச்சுரம் வெறும் அணி என்னும் ரூஸோவின் வாதமும் பொருந்தாது. ஒரே மெட்டின்கீழ் மூலச்சுரம் மாறுமாயின் அம்மெட்டின் பொருளே மாறுகிறது என்பதைச் செவியுடையோர் எவரும் அறிவர்.

மேலும் ஒரு முட்டு ராமோவின் கொள்கைக்கு உள்ளேயே இருந்தது. அந்தர காந்தாரம் தந்தியினின்று தானே எழுகிறது. சாதாரண காந்தாரம் அவ்வாறு எழுவதில்லையே! அங்ஙனமாயின், அத்துணை உருக்கம் வாய்ந்த மைனர் கூட்டு இயற்கைக்குப் புறம்பானதோ? 1737-இல், அதிரும் தந்தியானது தன்னினும் தாழ்ந்த தந்திகளையும் முழுமையாக அதிர்விக்கிறது, அவற்றினின்றே மைனர் பிறக்கிறது என்று கூறினார். சோதனை அதற்கு மாறாயிற்று. தாழ்ந்த தந்திகள் பங்குபங்காகவே அதிர்ந்து மேற்சுரத்தையே ஒலித்தன. 1750-இல் அக்கூற்றைக் கைவிட்டு வேறு விளக்கம் தேடினார். அதுவும் அனைவருக்கும் நிறைவளிக்கவில்லை. இறுதி ஆண்டுகளில் இசைத் தத்துவமே கணிதம் முதலிய எல்லாக் கலைகளுக்கும் வேர் என்று வாதாடத் தொடங்கினார். தாலம்பேரும் விலகினார், அவர் 1762-ஆம் ஆண்டு தமது நூலை மறுபடி பதிப்பித்தபோது அவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே கூறினார்.

இறுதியும் எச்சமும்

1764-ஆம் ஆண்டில் அரசர் அவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கினார். எண்பது வயது நிரம்பிய அப்பெரியார் அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 12-ஆம் நாள் பாரிஸில் காலமாயினார். மறுநாள் தூய யூஸ்தாஸ் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் கடைசியாக இயற்றிய ‘போரெயாதர்’ என்னும் இசைநாடகம் ஒத்திகையளவில் நின்றது. முழுமையாக மேடையேறியது 1982-ஆம் ஆண்டிலேயே. எழுதிய கை ஓய்ந்து இருநூற்றுப் பதினெட்டு ஆண்டுகளின் பின்னரும் அவ்விசை புதுமை குன்றாதிருந்தது.

ராமோவின் வாழ்க்கையில் நாம் கண்டு கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, அவர் விதிகளை மனப்பாடம் பண்ணுவதோடு அமையாது அவற்றின் காரணத்தைத் தேடினார். தேடியதனால் நூறு விதிகள் சிலவற்றுள் அடங்கின. இரண்டாவது, கண்ட உண்மை ஒன்றைக் கொண்டு காணாதனவற்றையெல்லாம் அளக்க முயன்றார், அங்கே இடறினார். ஆயினும் மைனர் கூட்டின் காரணத்தை அவர் ஏட்டில் நாட்ட இயலாதிருந்தபோதும், அவர் கை அதனைப் பயன்படுத்தி இரங்கத்தக்க இசைகளை இயற்றியே வந்தது. அறிவு தயங்கிய இடத்தில் செவி தயங்கவில்லை.

இன்று பாடகர் குழுவில் நின்று நடுச்சுரத்தைப் பாடும் மாணவன், தன் குரல் தனியே கேட்கப்படவில்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. மேற்குரலில் மெட்டு விளங்கலாம். கீழ்க்குரலில் கம்பீரம் விளங்கலாம். கூட்டு மகிழ்வதோ வருந்துவதோ அவன் பாடும் அந்த நடுச்சுரத்தைப் பொறுத்ததே. அவன் அதனை ஓர் இம்மி தாழ்த்தினால் கூட்டு முழுவதும் முகம் வாடும். செம்மையாய் நிறுத்தினால் முழுவதும் ஒளிபெறும். மூலம் ஒன்றாய் நின்று தாங்க, ஒவ்வொரு சுரமும் தனக்குரிய இடத்தில் நிற்றலே ஒத்திசை. அதனைக் கற்பித்த ராமோவை நன்றியுடன் நினைப்போமாக.